கலாசாலைக்குப் புறப்படும் பிள்ளைகள்

ஆனி, ஆடி மாதங்கள் வந்துவிட்டால் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் பெட்டி கட்டும் வேலை மும்முரமாக நடக்கிறது. புதிய வாளி ஒன்று, குவளை ஒன்று, தலையணை, போர்வை, பருப்புப் பொடி, ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய், சான்றிதழ்கள் அடங்கிய உறை இவ்வளவும் கூடத்தில் பரப்பிக் கிடக்கின்றன. பாட்டி திருநீற்றுப் பொட்டலம் ஒன்றைச் சட்டைப் பையில் திணிக்கிறாள். தகப்பனார் பஸ் புறப்படும் நேரத்தை மூன்றாம் முறையாக விசாரிக்கிறார். பிள்ளை சர்வகலாசாலைக்குப் போகிறான். இக்காலத்தில் அதே அளவுக்குப் பெண்ணும் போகிறாள்.

பெட்டியில் வைக்க வேண்டியவற்றை நினைவூட்டுவதற்கு வீட்டில் பத்துப் பேர் இருக்கிறார்கள். பெட்டியில் வைக்க முடியாத சாமான் ஒன்றைப் பற்றி மட்டும் ஒருவரும் சொல்லி அனுப்புவதில்லை. தெரியாததைத் தெரியவில்லை என்று வாய் திறந்து கேட்கும் பழக்கமே அது. கலாசாலையின் முதல் வருஷத்தில் அது இருக்கும் பிள்ளை எப்படியாவது கரையேறிவிடுகிறது. அது இல்லாத பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையாயினும் தத்தளிக்கிறது. இருபது வருஷ காலமாகப் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் சொல்லி, வருஷந்தோறும் மாணாக்கர்களை வழியனுப்பி வைத்து, பொங்கல் விடுமுறைக்கு அவர்கள் திரும்பி வரும்போது முகத்தைப் பார்த்தே சமாசாரத்தைத் தெரிந்துகொள்ளும் தொழிலில் இருப்பதால் இவ்வளவு துணிவாக எழுதுகிறோம்.

இந்த விஷயம் நம் தாத்தா காலத்தில் இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை. சென்னைச் சர்வகலாசாலை 1857-ஆம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி ஸ்தாபிக்கப்பட்டது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகளான இருவருமே யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். அவர்களில் ஒருவராகிய சி. வை. தாமோதரம் பிள்ளை, பிற்காலத்தில் ஏட்டுச் சுவடிகளைத் தேடியெடுத்து 1887-ல் கலித்தொகையை அச்சேற்றிய பெருமகன். ராஜதானி முழுமைக்கும் இரண்டு பட்டதாரி என்றிருந்த அந்த ஸ்திதி எங்கே, இன்றைய ஸ்திதி எங்கே! 2021-22-ஆம் ஆண்டுக்கான இந்திய அரசாங்கக் கணக்குப்படி, 18 வயது முதல் 23 வயது வரையுள்ளவர்களில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தேசம் முழுவதற்கும் நூற்றுக்கு 28 என்றால், தமிழ்நாட்டுக்கு 47. இது நாம் மார்தட்டிக்கொள்ளத் தக்க சங்கதியே. ஆனால் இந்த 47-க்குள்ளே ஒரு செய்தி மறைந்திருக்கிறது. இன்று கலாசாலைக்குள் நுழையும் பிள்ளைகளில் கணிசமானவர்கள், கலாசாலை வாசலை அதற்கு முன் யாரும் மிதித்திராத குடும்பத்தார்.

பட்டதாரி வீட்டுப் பிள்ளைக்குக் கலாசாலையைப் பற்றிய பாதி விஷயங்கள் சாப்பாட்டு வேளையிலேயே தெரிந்துவிடுகின்றன. ஆசிரியரை எப்போது போய்ப் பார்க்கலாம், எந்தப் புஸ்தகத்தை விலைக்கு வாங்க வேண்டும், எதை நூல்நிலையத்தில் இரவல் வாங்கினால் போதும், வருகைப் பதிவு குறைந்தால் என்ன நேரும் என்பவற்றை அத்தையும் மாமாவும் கதை பேசும்போதே அது காதில் போட்டுக்கொள்கிறது. முதல் தலைமுறைப் பிள்ளைக்கு இந்தக் காதுக் கல்வி கிடையாது. அறிவில் இருவருக்கும் வித்தியாசம் எள்ளளவும் இல்லை. ஒருவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், மற்றவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவ்வளவுதான். சொல்லாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்றால், அங்கேதான் கூச்சம் குறுக்கே வந்து படுத்துக்கொள்கிறது.

நம்மிடம் படித்த பையன் ஒருவன் வேதாரண்யம் பக்கத்து உப்பளத் தொழிலாளியின் மகன். கணக்கில் சூரன். பொறியியல் கலாசாலையில் இடம் கிடைத்தது. முதற் பருவத்திலேயே வரைபட வகுப்பு உண்டு. பெரிய பலகையில் தாளைப் பொருத்தி, 'மினி டிராஃப்டர்' என்ற கருவியைப் பலகையின் விளிம்பில் திருகி மாட்டி, இணைகோடுகளை இழுக்க வேண்டும். பையன் கருவியைக் கடன் வாங்கிய பணத்தில் வாங்கிவிட்டான். அதை எப்படி மாட்டுவது என்பது மட்டும் தெரியாது. ஆசிரியர் அறுபது பேருக்குச் சேர்த்து ஒரு முறை விரைவாகச் செய்து காட்டினார். பையன் பின்வரிசை. சரியாகத் தெரியவில்லை. மூன்று வகுப்பு வரையில் கருவியை உறையிலிருந்து எடுக்காமலேயே அடிக்கோலை வைத்துக் கோடு இழுத்துப் பார்த்தான். கோடுகள் கோணின. நாலாவது வகுப்புக்கு அவன் போகவில்லை. அதன் பிறகு வேறு வகுப்புகளுக்கும் போவது குறைந்தது. மார்கழியில் ஊருக்கு வந்து, "எனக்குப் படிப்புப் பிடிக்கவில்லை" என்று தகப்பனாரிடம் சொன்னான்.

அவர் நம்மிடம் அழைத்து வந்தார். ஒரு மணி நேரம் சுற்றி வளைத்துப் பேசிய பிறகுதான் திருகாணிச் சங்கதி வெளியே வந்தது. அடுத்த வீதியில் இருந்த டிப்ளமோ படித்த பையனைக் கூப்பிட்டோம். அவன் சாப்பாட்டு மேஜையின் விளிம்பிலேயே மாட்டிக் காண்பித்தான். ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகவில்லை. ஐந்து நிமிஷத்தில் தீர்கிற விஷயத்துக்காக நாலு வருஷப் படிப்பை விட்டுவிட இருந்தான் அந்தப் பையன்!

இது ஏதோ கிராமத்துப் பிள்ளையின் அசட்டுத்தனம் என்று நேயர்கள் நினைத்துவிடக் கூடாது. உலகம் கண்ட கணித மேதைகளில் ஒருவருக்கும் இதே கதை நேர்ந்திருக்கிறது. ஸ்ரீநிவாச ராமாநுஜன் 1914-ல் கேம்பிரிட்ஜுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே அப்போது படித்துக்கொண்டிருந்த பி. சி. மஹலநோபிஸ் ஒரு நாள் அவருடைய அறைக்குச் சென்றார். இரவில் குளிர் தாங்க முடியவில்லை என்றும், மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையையும் சுற்றிக்கொண்டு படுப்பதாகவும் ராமாநுஜன் சொன்னார். போதிய கம்பளி இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மஹலநோபிஸ் படுக்கையறைக்குள் போனார். கட்டிலில் கம்பளிகள் நிறைய இருந்தன. ஆனால் அந்நாட்டு வழக்கப்படி அவை மெத்தையோடு சேர்த்து இறுகச் செருகி, மேலே விரிப்புப் போட்டு மூடியிருந்தன. அந்த மடிப்பை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமாநுஜனுக்குத் தெரியாது. அவர் விரிப்பின் மேலேயே படுத்து நடுங்கிக்கொண்டிருந்தார்! மஹலநோபிஸ் அதைக் காட்டிக் கொடுத்தபோது அவர் மனம் நெகிழ்ந்து போனாராம். எண்களின் அந்தரங்கங்களை யெல்லாம் அறிந்தவருக்குக் கம்பளியின் அந்தரங்கத்தை ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது.

ராமாநுஜனுடைய கலாசாலை வாழ்வின் தொடக்கமும் நினைத்துப் பார்க்கத் தக்கது. 1904-ல் கும்பகோணம் அரசாங்கக் கலாசாலையில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைப் புறக்கணித்ததால் அந்தச் சம்பளம் போயிற்று. யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டணத்துக்கு ஓடிப்போனார். பிறகு 1906-ல் சென்னைப் பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்தும் எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. பட்டம் இல்லை, உத்தியோகம் இல்லை. அவருடைய தலைவிதி எப்போது மாறியது? நோட்டுப் புஸ்தகங்களை எடுத்துக்கொண்டு, முன்பின் அறியாத பெரிய மனிதர்களின் வீட்டுக் கதவைத் தட்டத் தொடங்கிய பிறகுதான். திருக்கோவலூரில் டிபுடி கலெக்டராக இருந்தவரும் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தோற்றுவித்தவருமான வி. ராமஸ்வாமி ஐயரைப் போய்ப் பார்த்தார். நெல்லூரில் ராமச்சந்திர ராவைப் பார்த்தார். 1912-ல் சென்னைத் துறைமுக ஆபீஸில் குமாஸ்தா வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில் கடல் கடந்து ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அவரைத் தேற விடாத சர்வகலாசாலையே அதே வருஷத்தில் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கொடுத்தது. கூச்ச சுபாவம் உள்ளவர்தான் அவர். ஆனாலும் நோட்டுப் புஸ்தகத்தைத் திறந்து காட்டினார்.

இனிப் பாடங்களுக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் ஒரு பாடம் பத்து மாதம் நடக்கிறது. வாத்தியார் நடத்துகிறார், திரும்ப நடத்துகிறார், முக்கியக் கேள்விகளைக் குறித்துக் கொடுக்கிறார், படிக்காதவனை மாலையில் நிறுத்தி வைத்துப் படிக்கச் செய்கிறார். கலாசாலையில் ஒரு பருவம் என்பது நாலு மாதம் கூட நிறைவதில்லை. அதில் திருவிழா விடுமுறை, மழை விடுமுறை யெல்லாம் போக மிஞ்சுவது சொற்பம். ஒருவரும் மாலையில் நிறுத்தி வைக்க மாட்டார்கள். பிள்ளை வகுப்புக்கு வந்தானா என்று பதிவு செய்வார்கள். புரிந்ததா என்பது அவன் பொறுப்பு. பள்ளிக்கூடத்து ஞாபகத்தில், "கடைசி மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிட்டால் கடைசி மாதம் இரண்டாம் மாதத்திலேயே வந்து நிற்கும்.

அதோடு, மார்க்குகள் முழுவதும் கடைசிப் பரீட்சையில் இல்லை. அண்ணா சர்வகலாசாலையின் 2017-ஆம் ஆண்டு விதிகளில் எழுத்துப் பாடங்களுக்கு உள்மதிப்பீடு நூற்றுக்கு 20 என்றிருந்தது. 2021-ஆம் ஆண்டு விதிகளில் அதை 40 ஆக்கினார்கள். இந்த 40 மார்க் பருவத்தின் நடுவிலேயே, இடைப் பரீட்சைகளிலும் ஒப்படைப்புகளிலும், சத்தமில்லாமல் தீர்மானமாகிவிடுகிறது. வருகைப் பதிவும் அப்படியே. நூற்றுக்கு 75 நாள் வராதவனுக்குப் பரீட்சை மண்டபத்தின் கதவு திறப்பதில்லை. நோய்வாய்ப்பட்டதற்கு அத்தாட்சி காட்டினால் ஓரளவு சலுகை உண்டு. தேறாத பாடத்துக்கு 'அரியர்' என்று பெயர். ஒன்று இருந்தால் பாதகமில்லை, எழுதித் தள்ளிவிடலாம். அடுத்த பருவத்துப் புதிய பாடங்களுடன் பழைய அரியர் மூன்று சேர்ந்துகொண்டால், வட்டிக்குக் கடன் வாங்கியவன் கதைதான். நம் அனுபவத்தில் அநேகப் பிள்ளைகளின் அரியர்கள் முதற் பருவத்துக் கணக்குப் பாடத்தில்தான் தொடங்குகின்றன.

ஏன் கணக்கு? பிளஸ் டூவில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய பிள்ளை ஏன் அங்கே தடுக்கி விழுகிறது? தமிழ் வழியில் படித்த பிள்ளையாக இருந்தால் காரணம் பாதி மொழி. தமிழில் அணி என்று படித்ததற்கு அங்கே மேட்ரிக்ஸ் என்று பெயர். வகைக்கெழு டெரிவேடிவ் ஆகிவிடுகிறது. தொகையீடு இன்டக்ரல் ஆகிவிடுகிறது. தெரிந்த மனிதர் வேஷம் போட்டுக்கொண்டு வந்தால் நாம் அடையாளம் கண்டுகொள்வதில்லை அல்லவா? அதைப் போல், தனக்குத் தெரிந்த கணக்கையே பிள்ளை தெரியாத கணக்கென்று நினைத்து மிரளுகிறது. தாய்மொழியில் சாஸ்திரம் படிப்பது குறை அன்று; அது பலம். 2010-ல் அண்ணா சர்வகலாசாலை சிவில், மெக்கானிக்கல் என்னும் இரு பிரிவுகளைத் தமிழிலேயே தொடங்கி வைத்தது. ஆயினும் பெரும்பாலான கலாசாலைகளில் பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது என்பது யதார்த்தம். அந்த யதார்த்தத்துக்கு ஏற்ற உபாயம் வேண்டும்.

உபாயம் ஒன்று சொல்லுகிறோம், செலவில்லாதது. நம் மாநிலப் பாடநூல்கள் தமிழ் வழிக்கும் ஆங்கில வழிக்கும் தனித்தனியே அச்சிடப்படுகின்றன. பாடங்கள் ஒன்றே, படங்கள் ஒன்றே, கணக்குகளும் ஒன்றே. இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு, பௌதிகப் புஸ்தகங்களின் இரண்டு பிரதிகளையும் பக்கம் பக்கமாக எதிரும் புதிருமாக வைத்துக்கொண்டு, கலாசாலை திறப்பதற்கு முந்திய ஒரு மாதத்தில் தினம் பத்துப் பக்கம் வாசித்தால் போதும். புதிதாகக் கற்க வேண்டியது ஒன்றுமில்லை; தெரிந்ததற்கு வேறு பெயர் கற்றுக்கொள்கிறோம், அவ்வளவே. நம்மிடம் படித்த நெசவாளர் வீட்டுப் பெண் ஒருத்தி இப்படியே செய்தாள். இரண்டு பத்தியாகச் சொற்களை எழுதி வந்தாள். அந்த நோட்டு, அவளுக்குப் பிறகு அவள் ஊரிலிருந்து கலாசாலைக்குப் போன நாலு பிள்ளைகளின் கைக்கு மாறியிருக்கிறது.

வகுப்பில் கேள்வி கேட்க இங்கிலீஷ் வேண்டுமே என்று பிள்ளைகள் தயங்குகிறார்கள். யார் சொன்னது? பாடம் நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் நம் ஊர்க்காரர்கள். வகுப்பு முடிந்து அவர் வெளியே வரும்போது, "ஸார், இரண்டாவது படியிலிருந்து மூன்றாவது படி எப்படி வந்தது என்று எனக்கு விளங்கவில்லை" என்று தமிழில் கேட்டால் அவர் கடித்துவிட மாட்டார். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். "ஒன்றுமே புரியவில்லை" என்று போய் நிற்பது கேள்வி ஆகாது. அதற்கு ஆசிரியர் என்ன பதில் சொல்ல முடியும்? எந்த வரி வரையில் புரிந்தது, எந்த வரியில் நின்றுபோனது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். அப்படிக் காட்டுகிற மாணாக்கனை எந்த ஆசிரியரும் மறப்பதில்லை. வாத்தியார் என்ற முறையில் இந்த ரகசியத்தை வெளியிடுகிறோம்: கேள்வி கேட்கும் பிள்ளையைக் கண்டால் எங்கள் வர்க்கத்தாருக்கு உள்ளூரப் பரம சந்தோஷம்.

1928-ல் ஜெர்மானிய பௌதிக விஞ்ஞானி சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்திருந்தார். அப்போது பிரஸிடென்ஸி கலாசாலையில் படித்துக்கொண்டிருந்த எஸ். சந்திரசேகர், அவருடைய புஸ்தகத்தைத் தாமாகவே படித்திருந்தார். பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. சோமர்ஃபெல்டு தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய் அவரைச் சந்தித்தார். அவருக்குக் கிடைத்த பதில் ஆனந்தமளிப்பது அன்று. அந்தப் புஸ்தகத்தில் உள்ள பௌதிகம் பழசாகிவிட்டது, அதன் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று சோமர்ஃபெல்டு சொன்னார். வேறொரு பிள்ளையானால் அழுதுகொண்டு திரும்பியிருக்கும். ஆனால் அதே பேச்சின் முடிவில், இன்னும் வெளிவராத தம் புதிய கட்டுரையின் அச்சுப் படிகளை அவர் சந்திரசேகரிடம் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு புதிய பௌதிகத்தைப் பயின்ற சந்திரசேகரின் கட்டுரை, மறு வருஷமே லண்டன் ராயல் சங்கத்தின் நடவடிக்கைகளில் வெளியாயிற்று. 1983-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எல்லாப் பிள்ளைகளும் ஹோட்டலுக்குப் போய் நோபல் பரிசு வாங்க வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. மூன்றாம் மாடியில் இருக்கும் பௌதிக ஆசிரியரின் அறை வரையில் போனால் போதும்.

பெண்களின் விஷயம் சற்று வேறு. கேட்பதற்குக் கூச்சம் ஒரு பங்கு என்றால், கேட்டால் யார் என்ன நினைப்பார்களோ என்ற பயம் இன்னொரு பங்கு. அந்தப் பயத்தை வீடுதான் ஊட்டி அனுப்புகிறது. "வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு" என்பது பெண்ணுக்கு நாம் சொல்லும் முதற் புத்திமதி. அந்தப் புத்திமதியை முத்துலட்சுமி ரெட்டி கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆண்களே படித்து வந்த புதுக்கோட்டை மகாராஜா கலாசாலையில் சேர்ந்த முதற் பெண் அவர். எதிர்ப்புக் கொஞ்சமல்ல. புதுக்கோட்டை மன்னர் அனுமதி கொடுத்தார். அவரும் விடாமல் படித்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கலாசாலையில் தேறினார். 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை ஏற்பட்டது அவருடைய முயற்சியால். இன்று அரசாங்கப் பள்ளியில் படித்த பெண்களின் மேற்படிப்புக்காக மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் ஒன்று 2022-ல் தொடங்கியது. பையன்களுக்கு 2024-ல் வந்தது. இவை போன்ற உதவிகளைக் கேட்டு வாங்குவதும் கேட்கும் பழக்கத்தில் சேர்ந்ததே. கலாசாலை ஆபீஸில் ஒரு முறை கேட்டு, "நாளைக்கு வா" என்றால், மறுநாளும் போய்க் கேட்க வேண்டும்.

சான்றிதழ்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஜாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், மார்க் பட்டியல் இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு நகல் எடுத்துத் தனி உறையில் போட்டு வைக்க வேண்டும். மூலப் பத்திரங்களைச் சரிபார்த்தவுடன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று 2018-ல் பல்கலைக்கழக மானியக் குழு கலாசாலைகளுக்கு அறிவித்திருக்கிறது. இது அநேகம் பெற்றோருக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்த பெண் ஒருத்திக்கு இரண்டாம் மாதத்தில் வேறு நல்ல கலாசாலையில் இடம் கிடைத்தது. முதற் கலாசாலைக்காரர்கள் மூலப் பத்திரங்களைக் கொடுக்காமல் மூன்று வாரம் இழுத்தடித்தார்கள். மேற்படி அறிவிப்பை அச்செடுத்துக்கொண்டு தகப்பனார் போய் நின்ற பிறகு, அன்று மாலையே உறை கைக்கு வந்தது.

ஹாஸ்டலைப் பற்றி எழுதப் புகுந்தால் தனிக் கட்டுரை ஆகிவிடும். மெஸ் சாம்பாரைக் குறை சொல்லாத மாணாக்கன் எந்தக் காலத்திலும் பிறந்ததில்லை. அது ஒரு நட்பு மொழி. நாலு ஜில்லாவிலிருந்து வந்த நாலு பேர் ஓர் அறையில் தூங்கி, ஒரே பந்தியில் சாப்பிட்டு, ஜாதியையும் ஊரையும் மறக்கும் இடம் நம் தேசத்தில் ரயில் வண்டிக்கு அடுத்தபடி ஹாஸ்டல்தான். ஆகையால் சொந்தக்காரர் வீட்டில் தங்க இடம் இருந்தாலும், முடிந்தால் முதல் வருஷம் ஹாஸ்டலிலேயே இருக்கட்டும் என்பது நம் அபிப்பிராயம். இரவு பன்னிரண்டு மணிக்குக் கணக்கில் சந்தேகம் வந்தால் தட்டி எழுப்ப அத்தை உதவ மாட்டாள். அடுத்த கட்டில்காரன் உதவுவான். கைப்பேசியை மட்டும் தலையணைக்கு அடியில் வைக்க வேண்டாம். தூக்கம் கெட்ட பிள்ளைக்குக் காலை எட்டரை மணி வகுப்பில் எந்த மொழியில் சொன்னாலும் விளங்காது.

ஆனால் மூத்த மாணாக்கர்கள் செய்யும் கொடுமையை 'சகஜம்' என்று பொறுத்துக்கொள்ளக் கூடாது. 1996-ல் சிதம்பரத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்த முதல் வருஷ மாணாக்கர் ஒருவர் மூத்த மாணாக்கரால் கொல்லப்பட்டதைத் தமிழ்நாடு மறக்கவில்லை. அதன் விளைவாக 1997-ல் இதைத் தடுக்கத் தனிச் சட்டம் வந்தது. இரண்டு வருஷம் வரையில் சிறைத் தண்டனையும் 10,000 ரூபாய் வரையில் அபராதமும் அதில் உண்டு. பிள்ளை போனில் வழக்கத்துக்கு மாறாக ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னால், பெற்றோர்கள் அதைச் செல்லக் கோபம் என்று விட்டுவிடாமல் வார்டனைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும்.

சென்னையில் படிக்கும் பிள்ளைகளுக்கு மற்றோர் இடமும் உண்டு. கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூல்நிலையம். எழும்பூரில் 1896 முதல் இருக்கும் கன்னிமாரா நூல்நிலையம். மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூல்நிலையம். நாலு சுவருக்குள் நாலு பேரோடு படிக்க முடியாதபோது, ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போய்விடலாம். நூல்நிலைய உத்தியோகஸ்தரிடமும் வாய் திறந்து கேட்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நூல்நிலைய சாஸ்திரத்தையே வகுத்த நம் சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன், 1924-ல் சென்னைச் சர்வகலாசாலை நூல்நிலையத் தலைவராகப் போன புதிதில், வேலை பிடிக்காமல் கணக்கு வாத்தியார் வேலைக்கே திரும்பிவிடத் தவித்தவர்தான். லண்டனுக்குப் போய் அங்குள்ள நூல்நிலையங்களைப் பார்த்த பிறகே அவருக்கு அதில் மனம் ஊன்றியது. புது இடம் முதல் மாதத்திலேயே பிடித்துவிட வேண்டும் என்ற சட்டம் எங்கும் இல்லை.

பெற்றோர்களுக்கு இரண்டு விண்ணப்பங்கள். முதலாவது, முதற் பருவத்தில் காதுகுத்து, வளைகாப்பு, ஊர்த் திருவிழா என்று பிள்ளையை வாராவாரம் ஊருக்கு அழைக்காதீர்கள். வெள்ளி இரவு பஸ் ஏறித் திங்கள் காலையில் இறங்கும் பிள்ளை, ஊரிலும் இல்லை, கலாசாலையிலும் இல்லை, பஸ்ஸில் இருக்கிறது. இரண்டாவது, இடைப் பரீட்சை மார்க்கைப் பற்றியது. தீபாவளியை ஒட்டி அது தெரிய வரும். பள்ளிக்கூடத்தில் தொண்ணூறு வாங்கிய பிள்ளை அங்கே முப்பத்தைந்து வாங்கியிருக்கும். "இதற்காகவா நகையை அடகு வைத்தேன்?" என்று அப்போது கேட்கும் தகப்பனாருக்கு, அடுத்த பருவ மார்க்கைப் பிள்ளை சொல்லவே சொல்லாது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, பட்சணம் கொடுத்து, இரண்டு நாள் நன்றாகத் தூங்க விடுங்கள். மூன்றாம் நாள் காலையில் விடைத்தாளை வாங்கி, உங்களுக்கு அதில் ஓர் எழுத்தும் விளங்காவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "இதில் எந்தக் கேள்வி உனக்குக் கஷ்டமாக இருந்தது, அதை யாரிடம் கேட்கலாம்?" என்று கேளுங்கள். பிள்ளை ஓர் ஆசிரியரின் பெயரையோ சிநேகிதனின் பெயரையோ சொன்னால், ஊருக்குத் திரும்பிப் போகும்போது அவருக்கும் ஒரு பொட்டலம் முறுக்குக் கட்டிக் கொடுங்கள்.